ரிவேர்ப் இல்லாத கிற்றார் ஆம்புக்கு எந்தப் பெடல் வாங்கலாம்?

தம்பி, முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், பிறகு வந்து வாசிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். உங்களிடம் இருப்பது ஃபெண்டர் ஃப்ரொன்ட்மன் 20ஜி ஆம்ப். அதில் ரிவேர்ப், அதாவது சத்தம் எதிரொலித்து மெல்லத் தேயும் விளைவு, இல்லை. ஏ.எல். சோதனை முடிந்து வீட்டில் கூடுதலாக வாசிக்கத் தொடங்கிய பிறகு, சத்தம் வரண்டு வெறுமையாக இருப்பது உங்கள் காதை உறுத்துகிறது. ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழுவோடும், இடைக்கிடை கலியாண வீடுகளில் ஒரு இசைக்குழுவோடும் வாசிக்கிறீர்கள். ரொறன்ரோவில் இருக்கும் மாமா ஆகஸ்டில் மடுத் திருவிழாவுக்கு வருகிறார், அந்த விளைவைத் தரும் பெடலில், அதாவது காலால் மிதித்துப் போடும் சின்னப் பெட்டியில், அவரிடம் எதைச் சொல்லிவிடுவது என்று கேட்கிறீர்கள். எஃபெக்ட்ஸ் லூப் இல்லாத ஆம்பில் ரிவேர்ப் பெடல் போட்டால் சத்தம் கெட்டுப்போகும் என்று குழுவில் ஒருவர் சொன்னதால் குழப்பமும் சேர்ந்திருக்கிறது.

இதில் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சத்தம் ஏன் வரண்டிருக்கிறது, இந்த ஆம்பில் பெடல் ஒழுங்காக வேலை செய்யுமா, செய்தால் எவ்வளவு காசு போடுவது நியாயம். எந்த மொடல் என்பது இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு வருகிற விஷயம். நான் யாழ்ப்பாணத்தில் ஆம்ப், மிக்ஸர் திருத்துகிற வேலை செய்கிறவன். தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் கோயில் மேடைகளிலும் சவுண்ட் பார்த்தும் வருகிறேன். கீழே மின்சாரம், ஒலி பற்றிச் சொல்வதெல்லாம் உறுதியானவை, யார் அளந்தாலும் அப்படித்தான் வரும். எது இனிமை, எது போதும் என்பது என் காதின் தீர்ப்பு. அதை நீங்கள் அப்படியே ஏற்கத் தேவையில்லை, இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன். உங்கள் ஆம்பையும் உங்கள் கையையும் நான் நேரில் கேட்டதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வரட்சி. கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் குரல் சுவர்களில் பட்டுப் பட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, மெல்லத் தேய்ந்து போகும். ரிவேர்ப் என்பது அதுதான். எந்த அறையிலும் அது கொஞ்சம் உண்டு. ஆனால் நம் வீட்டு அறைகள் சிறியவை. நம் வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். மூன்று மீற்றர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்பிவர அதற்கு 17 மில்லிவிநாடிதான் வேண்டும். காது அதைத் தனிச் சத்தமாகப் பிரிக்காது, மூலச் சத்தத்தோடேயே சேர்த்துவிடும். அதற்குமேல் கட்டில் மெத்தை, கொடியில் போட்ட உடுப்பு, யன்னல் திரை எல்லாம் மிச்சத்தைக் குடித்துவிடும். ஆம்பையும் காலடியில் வைத்துக்கொண்டு வாசித்தால் காதுக்கு வருவது முழுக்க நேரடிச் சத்தம். உங்கள் ஆம்பில் பிழை எதுவும் இல்லை. ரிவேர்ப் இல்லாமல் வந்த பேர்போன ஆம்புகள் எத்தனையோ உண்டு. 1950களின் ஃபெண்டர் பாஸ்மனிலும் இல்லை, மார்ஷல் ஜேசிஎம்800 2203லும் இல்லை.

அறையின் ரிவேர்ப்பை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் வாலஸ் சபைன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1895இல் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில், பேசுகிற சொல் ஐந்து விநாடிக்கு மேல் நின்று அடுத்த சொற்களை விழுங்கியது. சபைன் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஓர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. மனிதர்களும் மெத்தை மாதிரியே சத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்றும் கண்டார். எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதற்கு அவர் எடுத்த அளவுகோல் திறந்த யன்னல், ஏனென்றால் அதனூடாக வெளியே போன சத்தம் திரும்பி வராது. சத்தம் 60 டெசிபல் குறைய, அதாவது அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய, எடுக்கும் நேரத்தைத்தான் இன்றும் ஓர் இடத்தின் ரிவேர்ப் நேரம் என்கிறோம். உங்கள் பெடலில் டிகே அல்லது டைம் என்று எழுதியிருக்கும் குமிழ் மாற்றுவது இந்த நேரத்தைத்தான். நீங்கள் வாசிக்கும் தேவாலயத்துக்கும் இந்த மெத்தை, யன்னல் கணக்குப் பொருந்தும், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது லூப் விஷயம். எஃபெக்ட்ஸ் லூப் என்பது ஆம்பின் முன்பகுதியில் சத்தத்தின் நிறம் உருவான பிறகு, பின்பகுதியில் சத்தம் பெருக்கப்படுவதற்கு முன்னால், பெடலைச் செருகுவதற்கு விடும் வழி. பின்பக்கத்தில் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளை இருக்கும். உங்கள் ஆம்பில் அது இல்லை. அதனால் பெடல் கிற்றாருக்கும் ஆம்புக்கும் நடுவில்தான் வரும். இது தவறான இடமா? இல்லை. கிற்றாருக்கென்று ஃபெண்டர் 1961இல் விற்கத் தொடங்கிய ரிவேர்ப் பெட்டியே ஆம்புக்கு முன்னால் செருகுகிற தனிப்பெட்டிதான். உள்ளே ஸ்பிரிங் சுருள்கள், அவற்றைக் குலுக்க ஒரு வால்வ் சுற்று. சுருள் முறையை அதற்கு முன்பே ஹமண்ட் ஓர்கன்களில் பயன்படுத்தி வந்தார்கள். டிக் டேல் போன்றவர்களின் கடற்கரைக் கிற்றார் இசையில் தண்ணீர் தெறிப்பது போலக் கேட்கும் அந்தச் சத்தம் இப்படி, லூப் என்ற ஒன்றே இல்லாமல், பெட்டியை ஆம்புக்கு முன்னால் வைத்து எடுத்த சத்தம். ஆம்புக்குள்ளேயே ரிவேர்ப் வைத்து ஃபெண்டர் விட்ட முதல் ஆம்ப், வைப்ரோவேர்ப், 1963இல்தான் வந்தது.

அப்படியென்றால் உங்கள் நண்பர் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை, பாதி உண்மை. ஆம்ப் கிளீனாக, அதாவது உறுமல் இல்லாமல் தெளிவாக, இருக்கும்வரை முன்னால் வைத்தாலும் லூப்பில் வைத்தாலும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. உறுமல் தரும் டிரைவ் சானலை அமுக்கிக் கெயினைக் கூட்டினால் கதை மாறும். டிஸ்டோர்ஷன் செய்யும் வேலை பெரிய சத்தத்தை வெட்டிச் சின்னச் சத்தத்தை மேலே தூக்குவது. ரிவேர்ப்பின் தேய்ந்து போகும் வால் சின்னச் சத்தம், அது தேயாமல் மேலே வந்து நிற்கும். போன கோர்ட்டின் மிச்சமும் இப்போதைய கோர்ட்டும் ஒரே நேரத்தில் டிஸ்டோர்ஷனுக்குள் போய், இரண்டிலும் இல்லாத புதுச் சுரங்களைப் பிறப்பிக்கும். அதைத்தான் உங்கள் நண்பர் கெட்டுப்போன சத்தம் என்கிறார். இது விருப்பத்தைப் பொறுத்ததல்ல, சுற்றின் இயல்பு. சிலர் அந்தக் கலங்கலை விரும்பியே அப்படிப் போடுகிறார்கள், அது வேறு.

தீர்வு சுலபம். ஆம்பை எப்போதும் கிளீனில் வைத்திருங்கள். உறுமல் வேண்டுமென்றால் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை ரிவேர்ப்புக்கு முன்னால் போடுங்கள். கிற்றாரிலிருந்து டியூனர், பிறகு ஓவர்டிரைவ், பிறகு கோரஸ், டிலே போன்ற வேறு எஃபெக்ட் பெடல்கள் இருந்தால் அவை, கடைசியில் ரிவேர்ப், அதிலிருந்து ஆம்ப். இந்த வரிசையில் லூப் செய்யும் வேலையை உங்கள் கேபிள்களே செய்துவிடுகின்றன. உங்கள் ஆம்பின் டிரைவ் சானலை விட ஒரு சாதாரண ஓவர்டிரைவ் பெடல் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள். டிரைவ் சானல்தான் உங்களுக்குப் பிடித்த சத்தம், அதை விடமாட்டேன் என்றால், ரிவேர்ப் பெடலுக்குப் போடும் காசைச் சேர்த்து வைத்து, ரிவேர்ப்போ லூப்போ உள்ள ஆம்பாக மாற்றுவதே மேல். பெடல் அந்தச் சிக்கலைத் தீர்க்காது.

பெடலில் எதைப் பார்ப்பது என்பதுதான் அடுத்தது. கடையில் எல்லோரும் எத்தனை வகை ரிவேர்ப் இருக்கிறது என்று எண்ணுவார்கள். நான் முதலில் பார்ப்பது, ரிவேர்ப் எவ்வளவு கலக்கிறது என்பதை மாற்றும் மிக்ஸ் அல்லது லெவல் குமிழ் கீழ்ப்பகுதியில் எப்படி நடக்கிறது என்பதை. குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே வெள்ளம் வந்துவிடுகிற பெடல் மேடையில் உதவாது. ஒன்பது மணி நிலையிலிருந்து பன்னிரண்டு மணி நிலைவரை மெல்ல மெல்ல ஏறவேண்டும், உங்கள் வாசிப்பில் முக்கால்வாசியும் அந்த இடத்துக்குள்தான் இருக்கும். அடுத்தது டோன் குமிழ். அதைக் குறைத்தால் ரிவேர்ப்பின் வால் மட்டும் இருண்டு போகவேண்டும், கிற்றாரின் நேரடிச் சத்தம் மங்கக்கூடாது. மூன்றாவது ப்ரீ-டிலே. நீங்கள் தட்டிய சுரத்துக்கும் ரிவேர்ப் தொடங்குவதற்கும் இடையிலான சின்ன இடைவெளி அது. 20, 30 மில்லிவிநாடி விட்டால் சுரம் தெளிவாகக் கேட்டபிறகே ரிவேர்ப் மலரும், பாட்டுக்குப் பின்னால் வாசிக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. எல்லாப் பெடலிலும் இதற்குத் தனிக் குமிழ் இருக்காது. இல்லாவிட்டாலும் உலகம் முடிந்துவிடாது.

வகைகளில் ஸ்பிரிங், பிளேட், ரூம், ஹால் நான்கும் உங்களுக்குப் போதும். ஸ்பிரிங் பழைய ஆம்புகளுக்குள் இருப்பது, கொஞ்சம் துள்ளும், கிற்றாருக்கு அது பழகின சத்தம். பிளேட் என்பது ஸ்டூடியோக்களுக்காக வந்தது. 1957இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் விட்ட இஎம்டி 140க்குள் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் உயரமும் உள்ள மெல்லிய உருக்குத் தகட்டைத் தொங்கவிட்டு அதை அதிரச் செய்தார்கள். பெடலில் இருப்பது அதைப் போலச் செய்யும் சுற்றுத்தான், ஆனால் தனிச் சுரங்களாக மெலடி வாசிக்கும்போது பிளேட் மிக அழகாக நிற்கும். பைலாத் தாளத்துக்கு ரிதம் அடிக்கிறீர்களா, ரூமைக் குறுகிய டிகேயில் வையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். அந்த ஆறெட்டுத் தாளத்தின் உயிரே வெட்டு வெட்டாக விழும் கோர்ட்டுகளில் இருக்கிறது, நீண்ட ரிவேர்ப் அதைக் கொன்றுவிடும். ஹால் மெதுவான தியானப் பாடல்களுக்கு. ஷிம்மர் என்று ஒன்று இருக்கும், ரிவேர்ப்பின் வாலை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வயலின் கூட்டம் போலச் செய்வது. நற்கருணை நேரத்தில் மெல்லிய கோர்ட்டுக்குப் பின்னால் அது மிக நன்றாக இருக்கும், ஆனால் அதற்காகவே ஒரு பெடலை வாங்கவேண்டாம்.

எவ்வளவு காசு போடுவது என்ற கேள்விக்கு உங்கள் ஆம்பே ஒரு விடையை வைத்திருக்கிறது. அதில் இருப்பது ஒரு 8 அங்குல ஸ்பீக்கர். கிற்றார் ஸ்பீக்கர்கள் பொதுவாக 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக இறங்கிவிடும். விலை கூடிய ரிவேர்ப் பெடல்களில் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மினுமினுப்பில் பெரும்பங்கு அந்த எல்லைக்கு மேல்தான் இருக்கிறது. ஸ்டீரியோவாக விரியும் அழகும் ஒற்றை ஆம்பில் ஒற்றையாகச் சுருங்கிவிடும். ஸ்ட்ரைமன் நிறுவனத்தின் விலை கூடிய பெடல்கள் போன்றவை அருமையான கருவிகள், அவற்றை மிக்ஸருக்கு நேரடியாகக் கொடுத்து இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் கேட்டால் கண் கலங்கும். உங்கள் ஆம்பில் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி வெளியே வராது. அதனால் நடுத்தர விலையோடு நின்றுகொள்ளுங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை.

அந்த நடுத்தரத்தில் ஒன்றைத்தான் சொல்லவேண்டுமென்றால் பொஸ் ஆர்வி-6ஐச் சொல்வேன். எட்டு வகை ரிவேர்ப், அதில் மேலே சொன்ன நான்கும் ஷிம்மரும் உண்டு. லெவல், டோன், டைம், வகை மாற்றும் குமிழ், அவ்வளவுதான், இருட்டு மேடையிலும் கையால் தடவிக் கண்டுபிடிக்கலாம். பெட்டி இரும்பு போன்ற உறுதி. பஸ்ஸில் கிற்றார் பையோடு அடிபட்டு வரும் சாமானுக்கு இது சின்ன விஷயமில்லை. டிசி எலக்ட்ரோனிக்கின் ஹோல் ஒஃப் ஃபேம் 2உம் அதே தரத்தில் நிற்கிறது. அதில் ப்ரீ-டிலேக்குக் குறுகியது, நீண்டது என்று ஒரு சின்ன சுவிட்ச் இருப்பது எனக்குப் பிடித்தது. இரண்டில் எது இனிமை என்பதில் சவுண்ட்காரர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போக மாட்டார்கள், மாமாவுக்கு எது நல்ல விலையில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். உங்களுக்கு வேண்டியது ஆம்புக்குள் ரிவேர்ப் இருந்திருந்தால் எப்படியோ அப்படி ஒன்று மட்டும் என்றால், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஹோலி கிரெய்ல் நானோ. ஒரே குமிழ், மூன்று நிலைச் சுவிட்ச், ஸ்பிரிங்கில் விட்டுவிட்டு மறந்துவிடலாம். காசு இறுக்கம் என்றால் பெஹ்ரிங்கர் ஆர்வி600 இருக்கிறது. பெட்டி பிளாஸ்டிக், மெல்ல மிதிக்கவேண்டும், ஆனால் வீட்டிலும் பூசையிலும் அதன் சத்தத்தைக் கேட்டு யாரும் முகம் சுழிக்கமாட்டார்கள். ரொறன்ரோவில் பாவித்த பெடல்களுக்குப் பெரிய சந்தை உண்டு. பொஸ் பெடல் என்றால் பாவித்ததைத் தயங்காமல் வாங்கலாம், மிதி சுவிட்சும் குமிழ்களும் கரகரக்காமல் இருக்கிறதா என்று மாமா ஒருமுறை செருகிப் பார்த்தால் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. சூம் ஜி1 ஃபோர் போன்ற சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் கருவி ஒன்றில் ரிவேர்ப், டிலே, ஓவர்டிரைவ், டியூனர், தாளம் எல்லாம் சேர்ந்தே வரும். நான்கு டபுள் ஏ பற்றரியில் வேலை செய்யும், கரண்ட் போனாலும் கவலையில்லை. தனி ஆர்வி-6இன் ரிவேர்ப் அதைவிட மேல் என்றுதான் என் காது சொல்கிறது. ஆனால் உங்களிடம் இப்போது வேறு பெடல் எதுவுமே இல்லையென்றால், இந்தக் காசுக்கு நீங்கள் கற்றுக்கொள்ளக்கூடியது அதில் கூட. ஆம்பில் போடும்போது ஆம்பின் சத்தத்தைப் போலச் செய்யும் அதன் ஆம்ப் சிமியுலேஷனை மட்டும் அணைத்துவிடுங்கள், ஆம்புக்கு மேல் ஆம்ப் சேர்ந்தால் சத்தம் மூக்கடைத்துக் கேட்கும்.

இனி அடாப்டர். ரொறன்ரோவிலிருந்து வரும் பெடல்களில் என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் இதனால்தான் வருகின்றன, ஆகவே கவனமாக வாசியுங்கள். பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட் நேர்மின்னோட்டம். அது கனடாவிலும் ஒன்றுதான், கொக்குவிலிலும் ஒன்றுதான். மாறுவது அடாப்டர். கனடாவில் சுவர் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. அங்கு வாங்கிய அடாப்டரில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், இங்கே செருகிய உடனே அது எரியும், எரிவதற்கு முன் பெடலுக்குள் இரண்டு மடங்கு வோல்ட்டை அனுப்பி அதையும் கூட்டிக்கொண்டு போகலாம். பொஸ்ஸின் பிஎஸ்ஏ-120எஸ் அடாப்டர் அப்படி 120க்கு மட்டும் உரியது. 100 முதல் 240 வரை என்று இன்புட்டில் அச்சடித்திருந்தால் பயமில்லை, முள் மாற்றும் கட்டை ஒன்றே போதும். லண்டனிலிருந்து வருவதென்றால் முள்ளும் நம் 13 அம்பியர் துளைக்குள் அப்படியே போகும். மாமாவிடம் பெடலை மட்டும் வாங்கிவரச் சொல்லி, அடாப்டரை இங்கேயோ கொழும்பிலோ எடுப்பது எல்லாவற்றையும் விடச் சுலபம்.

அப்படி எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். 9 வோல்ட், நடு முள் நெகட்டிவ், மில்லி அம்பியர் பெடல் கேட்பதைவிடக் குறையாதது. ஆர்வி-6 ஏறத்தாழ 95 மில்லி அம்பியர் எடுக்கும், 200 அல்லது அதற்கு மேல் தரும் அடாப்டர் தாராளம். மில்லி அம்பியர் கூடினால் ஆபத்தில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். வோல்ட் கூடினால்தான் ஆபத்து. பாடகர் குழுவில் யமஹா கீபோர்ட் இருக்கும், அதோடு வரும் பிஏ-130 அடாப்டரின் முனை பார்வைக்குப் பெடல் அடாப்டர் போலவே இருக்கும். அது 12 வோல்ட், நடு முள் பொசிட்டிவ், இரண்டும் பெடலுக்குப் பொருந்தாது. பூசை தொடங்கப்போகும் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைச் செருகாமல், உங்கள் அடாப்டரில் ஒரு நிற ஒட்டுநாடா சுற்றி வையுங்கள்.

பிறகு ஓவர்டிரைவும் சேர்ந்தால், ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரித்து இரண்டுக்கும் கொடுக்க நினைப்பீர்கள். ரிவேர்ப் பெடல்கள் அனேகமாக எல்லாமே டிஜிட்டல். உள்ளே வேகமாக ஓடும் கடிகாரச் சுற்றின் கீச்சொலி அந்தக் கிளை வழியாக ஓவர்டிரைவுக்குள் போய்ப் பெருகிக் கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன், சில சோடிகள் சத்தமில்லாமல் ஒத்துப்போகும். கேட்டால் ரிவேர்ப்புக்குத் தனி அடாப்டர் கொடுங்கள், அனேகமாக அதோடு தீர்ந்துவிடும். கீச்சில்லாமல் தடித்த உறுமல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், பெடலின் குற்றமில்லை. பழைய மண்டபங்களில் எர்த் ஒழுங்காக இருக்காது. உறுமலை நிறுத்த ஆம்பின் எர்த் முள்ளை முறிக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். கம்பியில் உங்கள் விரல், மைக்கில் உங்கள் உதடு, நடுவில் எர்த் இல்லை என்றால் உயிர் போகும்.

சரி, பெடல் வந்தாயிற்று, எங்கே எவ்வளவு போடுவது? சபைனின் மெத்தையும் யன்னலும் இங்கேதான் உதவும். புனித மரியன்னை பேராலயம் போன்ற உயர்ந்த பெரிய கட்டடத்தில் கட்டடமே ரிவேர்ப்பைத் தருகிறது, அங்கே பெடலை அணைத்து வைத்துத் தொடங்குங்கள். காலையில் ஒத்திகை பார்க்கும்போது வெறுமையாகக் கிடந்த தேவாலயம், பூசைக்குச் சனம் நிறைந்து கதவு யன்னலெல்லாம் திறந்தவுடன் வேறு இடமாகிவிடும், அப்போது கொஞ்சம் கூட்டலாம். டைல்ஸ் பதித்த தரையும் கண்ணாடியும் தகரக் கூரையும் உள்ள கலியாண மண்டபம்தான் மிகக் கஷ்டமான இடம். மண்டபத்தின் சத்தம் கடுமையாகவும் அழகில்லாமலும் திரும்பி வரும், அதன் மேல் பெடலையும் சேர்த்தால் பாடகரின் சொல் விளங்காது. கோயில் வீதியில் போட்ட திறந்த மேடைக்குச் சுவரே இல்லை, போன சத்தம் போனதுதான், அங்கேதான் பெடல் தன் முழு வேலையையும் செய்யும், மிக்ஸைத் துணிந்து ஏற்றலாம். ஆம்புக்கு முன்னால் மைக் வைத்திருந்தால் சவுண்ட்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரும் மிக்ஸரில் கிற்றாருக்கு ரிவேர்ப் போட்டிருப்பார், இரண்டும் சேர்ந்தால் நீங்கள் பின்னால் எங்கோ நின்று வாசிப்பது போலக் கேட்கும்.

ஆர்வி-6இல் தொடங்குவதற்கு: வகை பிளேட் அல்லது ஸ்பிரிங், டைம் பத்து மணி, டோன் நடுவில், லெவலைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றி ரிவேர்ப் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு பெடலை அணைத்துப் பாருங்கள். அணைத்தவுடன் ஏதோ குறைகிறது என்று தெரியவேண்டும், போட்டிருக்கும்போது ரிவேர்ப் போட்டிருப்பது தெரியக்கூடாது. வீட்டில் தனியாக வாசித்து வைத்த அளவு குழுவோடு சேரும்போது அனேகமாகக் கூடுதலாகவே இருக்கும், வயலினும் கீபோர்டும் குரலும் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. கைபேசியைக் கடைசி வாங்கில் வைத்து ஒரு பாட்டைப் பதிந்து கேளுங்கள். மேடையில் ஆம்புக்குப் பக்கத்தில் நின்று எடுக்கும் முடிவை விட அது நம்பகமானது.

மாமாவுக்கு அனுப்பும் பட்டியலில் பெடலோடு நல்ல கிற்றார் கேபிள் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். இப்போது உங்களிடம் ஒன்றுதான் இருக்கும், பெடல் நடுவில் வந்தால் இரண்டு வேண்டும். பற்றரியிலும் ஓட்டலாமே என்று நினைத்தால், 9 வோல்ட் அல்கலைன் பற்றரியின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லி அம்பியர் மணி. ஆர்வி-6க்குக் கணக்குப்படி ஐந்து மணி நேரம், நடைமுறையில் அதற்கும் குறைவு. பெடலின் இன்புட்டில் கேபிள் செருகியிருக்கும்வரை, மிதித்து அணைத்திருந்தாலும் பற்றரி இறங்கிக்கொண்டேயிருக்கும், அதனால் வாசித்து முடிந்ததும் அந்தக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். குருநகர்ப் பக்கம் போல் கடல் காற்றுப்படும் வீடென்றால் பெடலைப் பையில் போட்டு மூடி வையுங்கள், ஜாக்குகள் சீக்கிரம் கறுத்துக் கரகரக்கத் தொடங்கும். அப்படிக் கரகரத்தால் கொன்டக்ட் கிளீனர் அடித்து ஜாக்கை நாலைந்து தரம் செருகி எடுங்கள், உடனே பெடலைத் தூக்கிக்கொண்டு திருத்துகிறவரிடம் ஓடத் தேவையில்லை.